பழவேற்காடு ட்ரிப் போறீங்களா? வழியில எங்க ஊரும் இருக்கு

மார்கழி பொறந்துட்டா எங்க பக்கம் ரெண்டு கூட்டம் வரும். ஒண்ணு பூநாரைக் கூட்டம். இன்னொண்ணு சென்னையிலேர்ந்து கார்ல வர்ற கூட்டம். பூநாரை சேத்துல தலையைக் கவுத்துப் போட்டு மாசக்கணக்கா மேயும். கார்ல வர்றவங்க காலைல பத்து மணிக்கு வந்து, கோட்டை எங்க, போட்டு எங்க, நண்டு எங்கன்னு மூணு கேள்வி கேட்டுட்டு, நாலு மணிக்கெல்லாம் திரும்பிடுவாங்க. ரெண்டுல யாரு ஊரை நல்லாப் பாத்துட்டுப் போறாங்கன்னு கேட்டா, நான் பூநாரைக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

கோபத்துல சொல்றதா நினைக்காதீங்க. நீங்க வரணும். அடிக்கடி வரணும். ஆனா வர்ற விதத்தைப் பத்தி, பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவுல கயனி வெச்சிருக்கிற ஒருத்தனா எனக்குச் சில கருத்து இருக்கு. அதைத்தான் இங்க எழுதறேன்.

எங்க அக்கா பையன் சென்னையில ஐடி கம்பெனியில இருக்கான். போன மாசம் போன் பண்ணினான்.

"மாமா, ஆபீஸ் பசங்க எட்டு பேரு பழவேற்காடு வரோம். ஒரு நாள் போதும்ல? போட்டிங் இருக்கா? வேற என்னா ஸ்பாட் இருக்கு?"

"ஒரு நாள்ல வந்துட்டுப் போகலாம்டா. பாக்க முடியாது," அப்படின்னேன். அவன் சிரிச்சான். ஆனா நான் விளையாட்டுக்குச் சொல்லல.

பழவேற்காடு தனியா உக்காந்திருக்கிற ஒரு 'ஸ்பாட்' இல்லீங்க. அது ஒரு ஆறு போய் முடியற இடம். ஆந்திரா மலைப்பக்கம் பொறந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியா வர்ற ஆரணி ஆறு அந்த ஏரியிலதான் கலக்குது. மழைக்காலத்துல ஆத்துல நல்ல தண்ணி எவ்வளவு வருதோ, அதைப் பொறுத்துதான் ஏரியில உப்பு கூடும், குறையும். அந்தத் தண்ணியையும் கடல் முகத்துவாரம் திறந்திருக்கிறதையும் நம்பித்தான் எறாக்குஞ்சு உள்ள வந்து வளருது. எங்க ஏரி கலங்கல் தாண்டி ஓடுற வருஷம், அங்க எறா நல்லா இருக்கும்னு மீன்கார அம்மாவே சொல்லும். நெல்லு விளையறதும் எறா விளையறதும் ஒரே தண்ணியில. அதனால ஏரியை மட்டும் பாத்துட்டுப் போறது, சாப்பாட்டைப் பாத்துட்டு சமையக்கட்டைப் பாக்காம போற மாதிரி.

முதல்ல, அங்க என்னா இருக்கு

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். சென்னைக்கு வடக்க அறுபது கிலோமீட்டர் சுமாருக்குப் பழவேற்காடு. ஒடிசாவுல இருக்கிற சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவிலேயே ரெண்டாவது பெரிய உப்பு நீர் ஏரி. இதுல பெரும்பகுதி ஆந்திராவுலதான் இருக்கு. தெக்கு முனையில இருக்கிற கொஞ்சம்தான் நம்ம தமிழ்நாட்டுக்கு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல நீளமா ஒரு தீவு. அதுலதான் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். ராக்கெட் விடற நாள்ல எங்க வீட்டு மாடியிலேர்ந்தே பாக்கலாம். அந்த நாள்ல மீனவங்களைக் கடலுக்குப் போக வேணாம்னு சொல்லிடுவாங்க.

டச்சுக்காரங்க இங்க வந்தது 1610 வாக்கில. 1613ல கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. யோசிச்சுப் பாருங்க, வெள்ளைக்காரன் 1639ல சென்னையில இடம் வாங்குறதுக்கு 26 வருஷம் முன்னாடியே பழவேற்காட்டுல கோட்டை, கப்பல், கிடங்கு எல்லாம் இருந்திருக்கு. 1690ல தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் சோழமண்டலக் கரையில டச்சுக்காரங்களுக்கு இதுதான் தலைநகரம். 1825ல ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு.

இன்னிக்குக் கோட்டைன்னு போனீங்கன்னா மேடும் முள்ளுச்செடியும்தான் இருக்கும். 'இதைப் பாக்கவா வந்தோம்'னு திரும்பிடாதீங்க. எதிர்ல டச்சுக் கல்லறை இருக்கு. தொல்லியல் துறை பாதுகாக்குது. நுழைவாசல்லயே எலும்புக்கூட்டைச் செதுக்கி வெச்சிருப்பாங்க. உள்ள போனா ஒவ்வொரு கல்லும் ஒரு சித்திரம். கல்லு மேல டச்சு எழுத்து, கப்பல், குடும்பச் சின்னம். தமிழ்நாட்டுல அப்படி ஒரு கல் வேலையை வேற இடத்துல பாக்கறது கஷ்டம்.

ஆனா அந்தக் கல்லறையில நிக்கும்போது இன்னொண்ணையும் நினைக்கணும். அவன் இங்க வந்ததே துணிக்காக. சுத்துப்பட்டு ஊர்கள்ல நெசவாளிங்க நெஞ்ச துணியைக் கொண்டுபோய், கிழக்குத் தீவுகள்ல கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் மிளகும் வாங்கினான். பாலேகாட் லுங்கின்னு கட்டறோமே, அந்தப் பேரே இந்த ஊர்ப் பேருதான். துணி மட்டும் போகல. பஞ்ச காலத்துல ஜனங்களை அடிமையா வாங்கி, இதே துறையிலேர்ந்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்னிக்கு ஜகார்த்தாவுக்கு, கப்பல்ல ஏத்தியிருக்கான். அவங்களுக்குக் கல்லறையும் இல்ல, கல்லுல பேரும் இல்ல. பாரம்பரியம்னு சொல்லும்போது இதையும் சேத்துத்தான் சொல்லணும்னு நான் நினைக்கிறேன்.

கல்லறையோட நின்னுடாதீங்க. ஆதிநாராயணப் பெருமாள் கோயில் இருக்கு. செம்மண் நிறக் கல்லுல கட்டினது. அதுல விரலளவு விரலளவா ராமாயணச் சிற்பம். போர்ச்சுக்கீசியர் காலத்துலேர்ந்து வர்ற மகிமை மாதா கோயில் இருக்கு. சின்னப் பள்ளிவாசல்ல நிழல் கடிகாரம் இருக்கு. ஒரே ஊர்ல, நடந்து போற தூரத்துல. பனை ஓலையில பெட்டியும் கூடையும் முடையற முஸ்லிம் பெண்கள் இருக்காங்க. நூறு கிராம் எடை இருக்காது, அவ்வளவு நேர்த்தி. வாங்கினா பேரம் பேசாதீங்க.

போட்டிங் பத்தி ஒரு வார்த்தை

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பழவேற்காட்டுல படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனாங்க. குழந்தை குட்டியோட சுத்திப் பாக்க வந்தவங்க. அதுக்கப்புறம் உல்லாசப் படகு சவாரிக்குத் தடை போட்டாங்க. மீன் பிடிக்கிற படகு மீன் பிடிக்கத்தான். நீங்க கரையில நின்னு, "அண்ணே, ஐநூறு தர்றேன், ஆயிரம் தர்றேன், ஒரு ரவுண்டு"ன்னு கேட்டா, அன்னிக்கு வலையில ஒண்ணும் விழாத மனுஷன் என்ன பண்ணுவார்? ஏத்திக்குவார். ஏதாவது ஆச்சுன்னா ஜெயிலுக்குப் போறது அவர். ஆசை உங்களுது, ஆபத்து ரெண்டு பேருக்கும். அனுமதி உள்ள படகு, லைஃப் ஜாக்கெட் ரெண்டும் இல்லாத இடத்துல தண்ணியில கால் வைக்காதீங்க. பறவை பாக்கறதுக்குக் கரையும் ஒரு பைனாகுலரும் போதும்.

இன்னொரு சங்கதி. ஏரி பொதுவா இருக்கேன்னு யார் வேணா எங்க வேணா வலை போட முடியாது. 'பாடு'ன்னு ஒரு முறை வெச்சிருக்காங்க. எந்த ஊர்க்காரன், எந்த இடத்துல, எந்த வலையை, எந்த நாள்ல போடணும்னு ஊர்க்கூட்டத்துல சீட்டுப் போட்டு முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. எங்க பக்கம் ஏரித்தண்ணிக்கு முறை வெச்சுப் பாய்ச்சற மாதிரியேதான். அந்த முறைக்குள்ள வராத இருளர் ஜனங்க இடுப்பளவு தண்ணியில உக்காந்து, சேத்தைக் கையால தடவி எறா புடிப்பாங்க. புடிச்ச எறாவைப் போடற ஓலைப் பறியை வாயில கவ்விக்குவாங்க. தட்டுல நீங்க பாக்கற எறாவுல அதுவும் இருக்கும்.

இப்ப என் வழித்திட்டம்

காரை விடுங்க. சென்ட்ரல் புறநகர் ஸ்டேஷன்லேர்ந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின் ஏறுங்க. எண்ணூர் தாண்டினதும் ஜன்னல் பக்கம் உக்காந்துக்கோங்க. அனல் மின் நிலையம், சாம்பல், அத்திப்பட்டு, மீஞ்சூர்னு வரிசையா வரும். அனுப்பம்பட்டு தாண்டினா பச்சை தெரிய ஆரம்பிக்கும். நீங்க வீட்ல போடற ஸ்விட்சோட அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு அந்த அரை மணி நேரத்துல தெரிஞ்சுடும்.

பொன்னேரியில இறங்குங்க. அகத்தீஸ்வரர் கோயிலும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலும் ஆத்தை ஒட்டியே இருக்கு. சித்திரை மாசம் வந்தீங்கன்னா சிவனும் பெருமாளும் நேருக்கு நேர் சந்திக்கிற திருவிழா. சுத்துப்பட்டு ஜனமே திரண்டு வரும். அங்கேர்ந்து பழவேற்காட்டுக்கு பஸ். இருபது கிலோமீட்டருக்குள்ளதான். வழியில திருப்பாலைவனம் சிவன் கோயில். தேவதானம்னு இன்னொரு ஊர் இருக்கு, அங்க மரக்காலைத் தலைக்கு வெச்சுப் படுத்திருக்கிற ரங்கநாதர். நெல்லை அளந்து களைச்ச சாமின்னு எங்களுக்கு அவர் மேல தனிப் பாசம்.

நண்டு, எறா சாப்பிடணும்னா காலைலயே மீன் ஏலம் விடற இடத்துக்குப் போயிடணும். மதியம் ரெண்டு மணிக்குப் போய் 'ஃப்ரெஷ்ஷா இருக்கா'ன்னு கேட்டுப் பிரயோஜனமில்ல. ஏரி நண்டு, மடவை, கொடுவா எல்லாம் கிடைக்கும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்ப வந்து கடல் மீன் இல்லன்னு கோச்சுக்காதீங்க. அந்த மாசத்துல நுங்கு சாப்பிடுங்க. தை மாசம் வந்தா பனங்கிழங்கு. அன்னிக்கு ஊர்ல என்னா இருக்கோ அதைக் கேட்டுச் சாப்பிடறதுதான் ஊர்ச் சாப்பாடு.

தங்கறதுக்குப் பெரிய ஓட்டல் எதுவும் பழவேற்காட்டுல எதிர்பாக்காதீங்க. பொன்னேரியிலயோ கும்மிடிப்பூண்டியிலயோ தங்கிட்டு, ரெண்டாம் நாள் காலைல கும்மிடிப்பூண்டியைச் சுத்துங்க. 'சிப்காட்ல என்னாயா டூரிசம்'னு கேப்பீங்க. ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்போது டீக்கடையில நின்னு பாருங்க. தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி, வங்காளம் எல்லாம் ஒரே பெஞ்சுல. ஒரு கடையில இட்லி, பக்கத்துக் கடையில ரொட்டி, எதிர்ல ஆந்திரா மெஸ்ஸு. இலங்கைத் தமிழர் முகாம் இங்க இருக்கிறதால அந்த ஜனங்க கை மணமும் இந்த ஊர்ல கலந்திருக்கு. எங்க பக்கம் பாதி வீட்ல தெலுங்குதான் பேசுவோம், வெளியில தமிழ். நானூறு வருஷம் முன்னாடி பழவேற்காட்டுல இருந்த கலவை, இன்னிக்குக் கும்மிடிப்பூண்டி டீக்கடையில இருக்குன்னு எனக்குத் தோணும்.

நேரம் இருந்தா, மேற்க பூண்டி பக்கம் ஒரு நாள் தனியா வாங்க. கொசஸ்தலை ஆத்தங்கரையில அத்திரம்பாக்கம் இருக்கு. 1863ல ராபர்ட் புரூஸ் ஃபுட் அங்க பழைய கற்காலக் கருவிகளைக் கண்டுபிடிச்சாரு. பிற்பாடு நடந்த ஆராய்ச்சியில அந்தக் கருவிகளோட வயசு சுமார் 15 லட்சம் வருஷம்னு சொன்னாங்க. பூண்டியில அருங்காட்சியகம் இருக்கு. கோட்டைக்கு 400 வருஷம்னு வாய் பொளக்கிற நமக்கு, அது வேற கணக்கு.

எதுக்கு இவ்வளவு சுத்தச் சொல்றேன்

இங்கதான் என் முக்கியமான கருத்து. நீங்க இந்தப் பக்கம் புதுசா வர்றவங்க இல்ல. உங்க தண்ணி ஏற்கெனவே இங்கேர்ந்துதான் வந்துச்சு.

1960கள் கடைசியிலேர்ந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கமெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சென்னைக்கும் கம்பெனிகளுக்கும் தண்ணி எடுத்தாங்க. ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் ஆயிரக்கணக்கான வருஷமா மணலுக்கடியில சேத்து வெச்ச தண்ணி. எடுத்துக்கிட்டே இருந்ததுல நல்ல தண்ணி இறங்கி, அந்த இடத்துக்குக் கடல் தண்ணி உள்ள வந்துச்சு. மீஞ்சூர் பக்கம் பல கிலோமீட்டருக்குக் கிணறு உப்பாப் போச்சு. உப்புத் தண்ணியில நெல்லு வராது. சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு போகம் வெச்ச கயனியில சில பேரு ஒரு போகத்தோட நிறுத்திட்டாங்க. சில பேரு வித்துட்டாங்க. அப்புறம் 2010ல, அதே மீஞ்சூர் பக்கத்துல காட்டுப்பள்ளியில, கடல் தண்ணியைக் குடிநீராக்கற ஆலை வந்துச்சு. நாளைக்கு 10 கோடி லிட்டர். நல்ல தண்ணியை எடுத்தோம், கடல் உள்ள வந்துச்சு, இப்ப அந்தக் கடலையே காசு கொடுத்து நல்ல தண்ணியாக்கறோம்.

நகரத்துக்குத் தண்ணி கூடாதுன்னு நான் சொல்லல. என் அக்கா பையனும் அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறான். கம்பெனியே வேணாம்னும் சொல்லல. என் தம்பி மகன் சிப்காட்லதான் ஷிப்ட் போறான். மழை பொய்ச்ச வருஷம் அவன் சம்பளத்துலதான் வீட்ல அடுப்பு எரிஞ்சுது. வேலை வேணாம்னு சொல்ற தகுதி வயித்துப் பசி இல்லாதவனுக்குத்தான் உண்டு.

எனக்கு உறுத்தறது வேற. 'அங்க என்னா இருக்கு? சும்மா கெடக்கிற நிலம்தானே' அப்படிங்கற பேச்சு. ஆபீஸ் ரெக்கார்டுல 'தரிசு', 'புறம்போக்கு'ன்னு எழுதியிருக்கும். நேர்ல போய்ப் பாத்தா அங்க மாடு மேயும், மழைக்காலத்துல தண்ணி நிக்கும், பறவை இறங்கும், இருளர் குடும்பம் நண்டு தேடும். சும்மா கெடக்கிற நிலம்னு எங்க பக்கம் ஒண்ணும் கிடையாது. அது பாக்காதவங்க கண்ணுக்குத்தான் சும்மா கெடக்குது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிசு பண்ணணும்னு திட்டம் வந்து, மீனவ ஜனங்க பல வருஷமா வேணாம்னு போராடிக்கிட்டு இருக்காங்க. முகத்துவாரம் அடைஞ்சுடும், கரை அரிச்சு ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற மணல்திட்டு போயிடும், வெள்ளம் வந்தா தண்ணி வடிய வழியில்லாமப் போகும்னு அவங்க சொல்றாங்க. வெள்ளம்னா அது மீனவருக்கு மட்டும் இல்ல. ஆரணி ஆத்துத் தண்ணி கடலுக்குப் போகலேன்னா அது திரும்பி நிக்கறது எங்க கயனியில. கொசஸ்தலை ஆத்துத் தண்ணி போகலேன்னா நிக்கறது வடசென்னை வீடுங்கள்ல. துறைமுகம் வேணும்ங்கறவங்களும் ஒரு நியாயம் சொல்லலாம். வேலை வரும்னு சொல்லலாம். ரெண்டையும் வெச்சுப் பேசட்டும். ஆனா ஏரியையே பாக்காதவன் வரைபடத்தை விரிச்சு வெச்சு முடிவு பண்ணக் கூடாது.

அதனாலதான் நீங்க வரணும்னு சொல்றேன். இந்த மாதிரி விஷயத்துல மீனவனும் விவசாயியும் பேசினா 'அவங்க சுயநலத்துக்குப் பேசறாங்க'ன்னு ஒதுக்கிடறாங்க. ஏரியைப் பாத்த, அங்க சாப்பிட்ட, அந்தத் தண்ணியைக் குடிச்ச பத்தாயிரம் நகரத்துக்காரங்க பேசினா அப்படி ஒதுக்க முடியாது. செல்ஃபிக்கு வந்தவரால அது முடியாது. ஆறு எங்கேர்ந்து எங்க போகுதுன்னு ஒரு தடவையாவது கூடவே போய்ப் பாத்தவரால முடியும்.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் மறைக்கக் கூடாது. ஜனம் ரொம்ப வந்தா அதுவும் கெடுதல்தான். கரையெல்லாம் பிளாஸ்டிக் டம்ளர், பாட்டில். ஈசிஆர் மாதிரி ஆகும்னு சொல்லி, கயனியில கொடி நட்டு பிளாட்டு போடறவன் வந்துடுவான். ரிசார்ட்டு கட்டினா முதல்ல அடைபடறது மீனவன் கடலுக்குப் போற வழி. தெக்க மகாபலிபுரம் ரோட்டுல என்ன ஆச்சுன்னு நாம பாத்தாச்சு. அதனால வர்றவங்க எண்ணிக்கை முக்கியமில்ல. எப்படி வர்றாங்க, காசு யார் கையில போய்ச் சேருது, அதுதான் முக்கியம்.

என் வேண்டுதல் இவ்வளவுதான். ரெண்டு நாள் ஒதுக்குங்க. ட்ரெயின்ல வாங்க. நண்டைக் கரையில வாங்குங்க, ஊர்க்காரம்மா மெஸ்ஸுல சாப்பிடுங்க, ஓலைக்கூடையை முடைஞ்சவங்க கையிலேயே காசு கொடுங்க. குப்பையைக் கையோட எடுத்துட்டுப் போங்க. வழியில கயனியில யாராவது அண்டை வெட்டிக்கிட்டு இருந்தா, வண்டியை நிறுத்தி, "கிணத்துத் தண்ணி இப்ப எப்படிங்க இருக்கு?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் சொல்ற மனுஷன் உங்களை லேசுல விட மாட்டார், அரை மணி நேரமாவது ஆகும். மதியச் சாப்பாட்டுக்கும் கூப்பிடுவார். நேரத்தை அதுக்கும் சேத்துத் திட்டம் போட்டுட்டு வாங்க.